கம்பியைத் தொட்டால் அடங்கும் முனகல்

பெரம்பலூரில் எங்கள் தெருவில் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிற ஆள் நான் ஒருத்திதான். நாற்பதைத் தாண்டிய தமிழ் டீச்சர் ஒருத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலால் ஒரு இரும்பு டப்பாவை மிதித்து மிதித்து வாசிப்பதை முதல் தடவை பார்த்தபோது பக்கத்து வீட்டு அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "என்னா டீச்சர், தையல் மிஷினா?" என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆமாங்க, ஜாக்கெட் துணி இருந்தா குடுங்க" என்றேன். என் வாய் அப்படி. மறுநாள் நிஜமாகவே துணியோடு வந்து நின்றார்.

அந்த டப்பாவுக்குப் பெடல் என்று பெயர். கிடாரிலிருந்து கிளம்புகிற ஒயர் அதற்குள் போய், வெளியே வந்து, ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். மிதித்தால் சத்தம் மாறும். ஓவர்டிரைவ் என்று ஒன்று, சத்தத்தைத் தடித்துக் கரகரக்க வைக்கும். டிலே என்று இன்னொன்று, நாம் வாசித்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டும். மூன்றாவது ரிவெர்ப். பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து வாசித்தாலும் பெரிய கோயிலுக்குள் வாசிப்பது மாதிரி கேட்கும். மூன்றும் என் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து கொண்டுவந்தவை, லீவுக்கு ஒன்றாக. மற்ற வீடுகளில் புருஷன் கொண்டுவந்த தைலத்தையும் சென்ட்டையும் காட்டுவார்கள், நான் டப்பாவைக் காட்டினேன். என் மாமியார் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா எம்புள்ள அம்புட்டுத் தூரம் போனான்?" என்றார். நியாயமான கேள்விதான். எனக்கே பல நாள் தோன்றியிருக்கிறது.

நான் பிறந்தது வரதராஜன்பேட்டைப் பக்கம். எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் பாவாடை தாவணி கட்டின காலத்திலிருந்து கிடார் வாசித்தேன். மூன்று கார்டு, அதாவது மூன்று விரல் பிடிப்பு, தெரிந்தால் போதும், முழுப் பூசையையும் ஓட்டிவிடலாம். எனக்கு நாலு தெரியும், அதனால் கொஞ்சம் திமிரும் உண்டு. என் வீட்டுக்காரர் எலாக்குறிச்சிப் பக்கத்து ஆள். ஒரு கிறிஸ்மஸுக்குக் குடிலில் சீரியல் லைட் போட வந்தார். கரண்ட் வேலைக்கு வந்தவர் கரண்ட் வேலையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். ஏணியில் நின்றுகொண்டு, நான் வாசிக்கும்போதெல்லாம் ஒரே பல்பைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது பாடகர் குழு நிற்கும் மூலையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். கீபோர்டு, மைக் செட், என் ஆம்ப் எல்லாம் அதற்கு அடித்துக்கொள்ளும். அவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு ஜங்ஷன் பாக்ஸ் செய்து கொண்டுவந்தார். நாலு பக்கமும் பலகை, மேலே சுவிட்ச் போர்டுக்குப் போடுகிற பழுப்பு ஹைலம் ஷீட், அதில் மூன்று பிளக், மூன்று சுவிட்ச், ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு. குழுவுக்கென்று சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் கொடுக்கும்போது என்னைப் பார்த்துக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு குழுவினர் வேறு வாங்கிக்கொண்டார்கள், அந்தப் பெட்டி சீதனம் மாதிரி என்னோடு வந்துவிட்டது. பீரோவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பிளக் பாயிண்டிலிருந்து நான் உட்காரும் ஜன்னலோரம் வரைக்கும் இன்றைக்கும் கரண்ட் கொண்டுவருவது அதுதான். அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் எனக்கு அவர் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்கள் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் அவர் குவைத் போனார். வீடு கட்ட வேண்டும் என்று போனார். கட்டினோம். லீவில் வந்து ஒயரிங் முழுவதையும் அவரே செய்தார். கொல்லையில் குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டி எர்த் போட்டார். நானும் மகளும் அந்தக் குழிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். வீடு முடிந்ததும் வருவார் என்று நினைத்தேன். அப்புறம் மகள் படிப்பு வந்தது, அதன் பிறகு வேறு ஏதோ வந்தது. ஆரம்பத்தில் போன் எடுத்ததும் "எப்போ வருவீங்க?" என்பதுதான் என் முதல் பேச்சு. ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமுவது கேட்கும். அதை என்னால் தாங்க முடியாமல் போனது. கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

மகள் வீட்டில் இருந்த வரைக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. நான் வேப்பந்தட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வண்டியில் வந்து, முகம் கழுவி, டீ போடுகிற நேரத்துக்கு அவரிடமிருந்து போன் வரும். அங்கே மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். "பாப்பாகிட்ட குடு" என்பார், அவள் வளவளவென்று பேசுவாள், நான் நடுநடுவே புகுந்து அவளைப் பற்றிக் கோள் சொல்லுவேன். அவள் நர்ஸிங் படிக்கத் திருச்சிக்குப் போய் ஹாஸ்டலில் சேர்ந்தாள். அவளிடம் தனி போன் இருந்தது. அவளோடு பேச வேண்டியதை அவர் அவளோடே பேசிக்கொண்டார். நானும் அவரும் மட்டும் மிச்சம்.

"சாப்டியா?"

"ம். நீங்க?"

"ஆச்சு. அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லங்க. நீங்க சொல்லுங்க."

"இங்க என்னா இருக்கு? அதே வெயிலு. அப்புறம்?"

இந்த அப்புறம் இருக்கிறதே, இதைப்போல ஒரு கொலைகாரச் சொல்லை நான் தமிழில் பார்த்ததில்லை. வகுப்பில் அதை இடைச்சொல், காலம் காட்டும் சொல் என்று என்னென்னவோ சொல்லித் தருகிறோம். போனில் அது கதவைச் சாத்துகிற சொல். இரண்டு அப்புறம் வந்தால் அடுத்தது "சரி, வைக்கட்டா?" தான். வைத்துவிட்டு டீ டம்ளரைப் பார்த்தால் இன்னும் ஆவி வந்துகொண்டிருக்கும். இந்த மனுஷனோடு பேச எனக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விடுமோ, நாளைக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றால் யாரோ ஒரு விருந்தாளிக்குச் சோறு போடுவது மாதிரி போடுவேனோ என்று பயந்தேன். நிஜமான பயம். கோயிலில் முழந்தாளிட்டு, வேறு எதையும் கேட்காமல் இதை மட்டும் கேட்டிருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் முனகல் வந்தது. மகள் போனதிலிருந்து சாயந்திரங்களில் கிடாரை எடுக்க ஆரம்பித்திருந்தேன். குழுவோடு வாசித்த நாளில் கீபோர்டும் கூட்டமும் சேர்ந்து அடிக்கிற சத்தத்தில் ஆம்ப் முனகினால் யாருக்குக் கேட்கும்? தனியாக, அதுவும் ஓவர்டிரைவை மிதித்ததும், அறை முழுக்க அடித்தொண்டையில் ஒரு சத்தம். நான் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அது பாட்டுக்கு ம்ம்ம்ம் என்று இழுத்துக்கொண்டிருந்தது. முதலில் ரீங்காரம் என்று பெயர் வைத்துப் பார்த்தேன், டீச்சர் புத்தி. ரீங்காரம் வண்டுக்குச் சரி. இது காய்ச்சல்காரன் பாயில் கிடந்து முனகுகிற முனகல்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் இரண்டாவது அப்புறத்துக்கு வந்துவிட்டார். சொல்ல ஒன்றுமில்லாமல், வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"இந்தச் சனியன் புடிச்ச கிடாரு ஒரே முனகலா முனகுதுங்க. தூக்கிக் கெணத்துல போட்டுடலாம்னு இருக்கு."

"முனகுதா? எப்படி?" என்றார். குரலே மாறிவிட்டது. ஏணியில் நின்ற ஆளின் குரல்.

"ம்ம்ம்ம்னு."

"அது ஹம்மிங். கரண்டுல வர்றது. போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பக்கத்துல வையி. இப்ப கம்பி மேல கைய வையி. கொறையுதா?"

வைத்தேன். சட்டென்று அடங்கியது. எடுத்தேன், திரும்ப எழுந்தது. எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது.

"ஆமாங்க! தொட்டா அடங்குது. வுட்டா முனகுது."

"அடங்குதா?" என்றார். பிறகு சிரித்தார். "நீ கைய வச்சா அடங்காதது எது?" என்றார்.

"வயசுக்கேத்த பேச்சு பேசுங்க" என்றேன். ஆனாலும் காது சூடாகிவிட்டது. அவர் என்னிடம் அப்படிப் பேசி எத்தனை வருஷமாயிற்று!

ஷாக் அடிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானே அணைக்கிற டிரிப்பர் ஒன்று மாட்டியிருக்கிறேன், அதில் சின்னதாக ஒரு பட்டன் இருக்கும், அமுக்கிப் பார் என்றார். அமுக்கினேன். வீடு மொத்தமும் அணைந்தது. "நல்லா வேலை செய்யிது, தூக்கி வுடு" என்றார். தூக்கிவிட்டேன். முனகல் திரும்ப வந்தது.

"சரி, அவசரப்படாத. ஒண்ணு ஒண்ணாத்தான் பாக்கணும். இப்ப வாசிக்காத, பேசாத. போனை அங்கயே வச்சுட்டு சும்மா உக்காரு. நான் கேக்கறேன்."

உட்கார்ந்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தெருவில் பால்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் விட்டது. ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்காயைச் சூ என்று விரட்டினேன். டாக்டர் நாடி பிடிக்கும்போது பேசக்கூடாது என்கிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து மெல்ல, "கேக்குதாங்க?" என்றேன்.

"ம். நல்லா கேக்குது" என்றார்.

அன்றைக்கு டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. நான் அதை அப்படியே குடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்துக் காத்திருந்தேன் என்று சொன்னால் நம்ப வேண்டும். வாரம் முழுக்க இருந்த அலுப்பு வியாழக்கிழமையே இறங்கிவிடும். முதலில் பெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார். கடைசியில் கிடாரை நேராக ஆம்பில் சொருகியபோதும் முனகல் இருந்தது, கொஞ்சம் சன்னமாக. "பெடலு அதை ஊதிப் பெருசாக்குது" என்றார். மூன்று பெடலுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரிந்து கரண்ட் போகிறது, அதில் கோளாறு இருக்கலாம், பேட்டரி போட்டுப் பார் என்றார். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் சதுரப் பேட்டரி வாங்கப் போனேன். கடைக்காரர், "ஸ்கூல் மைக்குக்கா டீச்சர்?" என்றார். "இல்லண்ணே, வூட்டுல ஒரு காய்ச்சல்காரன் இருக்கான்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பாக்கி கொடுத்தார்.

பேட்டரிக்கும் முனகல் போகவில்லை. ட்யூப் லைட்டை அணைக்கச் சொன்னார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். பிரிட்ஜை ஆஃப் பண்ணச் சொன்னார். பண்ணினேன், ஆன் பண்ண மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் மாவு பொங்கித் தரையெல்லாம் ஓடியது. ஒரு வாரம் பக்கத்து வீட்டு போர்வெல் மோட்டார் மேல் சந்தேகம். நான் போய், "அக்கா, கொஞ்ச நேரம் மோட்டாரை நிறுத்துங்க, எங்க வூட்டுக்காரருக்குக் கேக்கணுமாம்" என்றேன்.

"குவைத்துலேருந்தா?"

"ஆமாங்க்கா."

"அடி ஆத்தாடி! எம்மோட்டாரு சத்தம் அங்க வரைக்குமா கேக்குது?" என்று அவர் ஓடிப்போய் நிறுத்தினார். அன்று முதல் வெள்ளிக்கிழமை சாயந்திரம் என்றால் தானே நிறுத்திவிட்டு, சுவர் மேல் எட்டிப் பார்த்து, "கேளுங்க டீச்சர், கேளுங்க" என்பார்.

ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அதேதான். "இப்ப வாசிக்காத. பேசாத. கேக்கறேன்." சில நாள் அவர் கேட்டுக்கொண்டே இருப்பார், எனக்கு வேலை கிடக்கும். "நீ பாட்டுக்கு வேலையைப் பாரு, போனு அங்கயே இருக்கட்டும்" என்பார். நான் வெங்காயம் அரிவேன், துணி மடிப்பேன். ஆம்ப் முனகிக்கொண்டிருக்கும், போனில் அவர் இருப்பார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரே அறையில் இருவரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு இருப்பது போல இருந்தது. அப்புறம் என்ற சொல்லே வரவில்லை. முனகல் போக வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தோம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அது போகாமல் இருந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது என்ற நிம்மதி.

கொஞ்ச நாளில் நான் பிறந்த ஊர்க் கோயில் திருவிழா வந்தது. பாடகர் குழுவில் இப்போது இருக்கிற பிள்ளைகள், "அக்கா, நீங்க பெடலோட வாங்க, பூசைக்கு வாசிக்கலாம்" என்று கூப்பிட்டார்கள். கிடாரைத் தோளில் மாட்டி, பெடல்களை ஒயர் கூடையில் போட்டு, ஆம்பைக் கையில் தூக்கிக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினேன். ஜங்ஷன் பாக்ஸுக்கு இன்னொரு கை இல்லை. வீட்டிலேயே விட்டுவிட்டேன். அரியலூரில் இறங்கி, சிமெண்ட் லாரிப் புழுதியில் நின்று அடுத்த பஸ் பிடித்து, ஊர் போய்ச் சேர்ந்தபோது தலை நரைத்துப் போயிருந்தது. பாதிதான் புழுதி.

மத்தியானம் ஒத்திகை. கோயிலுக்குப் புதிதாக ஒயரிங் செய்திருந்தார்கள், சுவரெல்லாம் பிளக் பாயிண்ட். ஆம்பை நேராகச் சுவரில் சொருகினேன். மூன்று பெடலையும் கோத்தேன். சுவிட்சைப் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

ஆம்ப் போய்விட்டது என்று நினைத்தேன். பஸ்ஸில் ஆடிய ஆட்டத்தில் உள்ளே ஏதோ அறுந்துவிட்டது. கீபோர்டு வாசிக்கும் பிள்ளை, "அக்கா, ஆன் ஆவலயா?" என்றாள். கம்பியை ஒரு தட்டுத் தட்டினேன். டங் என்று எழுந்த சத்தம் பீடம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கையை எடுத்தேன். முனகல் இல்லை. ஓவர்டிரைவை மிதித்தேன். இல்லை. கோயில் புறாக்கள் சிறகடிப்பது கேட்டது. இத்தனை நாள் எதற்காகப் பாடுபட்டோமோ அது நடந்தேவிட்டது. எனக்கோ பகீரென்றது.

பூசையில் நன்றாகத்தான் வாசித்தேனாம். என் மனசெல்லாம் வீட்டில் விட்டுவந்த பெட்டியில் இருந்தது. அத்தனையையும் கழற்றிப் பார்த்தோம், அது ஒன்றை மட்டும் கழற்றவில்லை. அவர் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அது அவர் செய்தது, அதில் கோளாறு வரும் என்று நான் ஏன் நினைக்கப் போகிறேன்?

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் டீ கூடப் போடவில்லை. பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கி மடியில் கவிழ்த்து, ஸ்க்ரூடிரைவரால் அடிப்பலகையைத் திறந்தேன். பல வாரமாகக் குவைத்திலிருந்து பாடம் கேட்டவள் நான். கரண்ட் வருவது ஒரு ஒயர், போவது ஒரு ஒயர், எர்த்துக்குப் பச்சை ஒயர் என்று எனக்குத் தெரியும். உள்ளே சிவப்பு இருந்தது, கறுப்பு இருந்தது. மேலே பிளக்குக்கு மூன்று ஓட்டை, உள்ளே இரண்டே ஒயர். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ, கை படாமலே துருப்பிடித்திருந்தது. கொல்லையில் குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிய எர்த் சுவர் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. அங்கிருந்து என் ஜன்னல் வரைக்கும் வரவே இல்லை. நான் கம்பியைத் தொட்டபோதெல்லாம் முனகல் எர்த்துக்குப் பதிலாக என் உடம்பைப் பிடித்துக்கொண்டுதான் அடங்கியிருக்கிறது.

போன் வந்தது. வழக்கமாக "என்னங்க" என்றுதான் எடுப்பேன்.

"யோவ்," என்றேன். "பச்சை ஒயரு எங்கய்யா?"

கல்யாணமான நாளிலிருந்து அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் மெதுவாக, "தொறந்துட்டியா?" என்றார்.

"தொறந்துட்டேன். ரெண்டே ஒயருதான் இருக்கு."

"அப்ப கோயில் பிளக்குல எர்த்தே கெடையாது புள்ள. இல்லாத எர்த்துக்கு எதுக்கு ஒயருன்னு டூ கோர் போட்டுச் செஞ்சிட்டேன். அப்ப நானும் சின்னப் பையன்."

"அது கெடக்கட்டும். ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"மொத நாளே. கம்பியைத் தொட்டா அடங்குதுன்னு சொன்ன பாரு, அப்பவே. எர்த் இல்லாததுக்குத்தான் அப்படி ஆவும்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "தெரிஞ்சுகிட்டா என்னை இந்த ஆட்டு ஆட்டுனீங்க? பிரிட்ஜை நிறுத்தி மாவு போச்சு. பக்கத்து வூட்டு மோட்டாரை நிறுத்தி அந்த அக்காவைத் தண்ணியில்லாம ஆக்குனேன். பேட்டரிக் கடைக்காரரு என்னைப் பைத்தியம்னு நெனைச்சிட்டாரு. எர்த் இல்லாத பொட்டியில பொண்டாட்டி ஒக்காந்திருக்கா, ஒங்களுக்கு வெளையாட்டா?"

"ஷாக் அடிக்குதான்னு கேட்டேன்ல. டிரிப்பரைப் பாத்தோம்ல" என்றார். அவருக்கே அது சரியாகப் படவில்லை என்று குரலில் தெரிந்தது. "தப்புதான். சொல்லியிருக்கணும். சொன்னா அன்னைக்கே சரியாப் போயிருக்கும். அடுத்த வெள்ளிக்கிழம போனு போட்டா அப்புறம்னு கேப்பேன், அப்புறம்னு கேப்ப. அவ்வளவுதான்."

ஆக, அந்தச் சொல்லுக்கு அவரும் பயந்திருக்கிறார். நான் மட்டும்தான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தேன்.

"அதுக்காக மணிக்கணக்கா முனகலையா கேட்டுக்கிட்டு இருந்தீங்க?" என்றேன். சண்டைக்குத்தான் கேட்டேன், குரல் சண்டைக்கு ஒத்துழைக்கவில்லை.

"எங்க கேட்டேன்? அது எனக்கு ஒரு நாளும் கேக்கல" என்றார். "ஒரே மாதிரி வர்ற சத்தத்தைப் போனே வடிகட்டிப்புடும் புள்ள. ஒன் ஹம்மிங் இங்க வந்ததே இல்ல."

"பின்ன நல்லா கேக்குதுன்னு சொன்னீங்களே! வாயைப் பொத்திக்கிட்டு ஒக்கார வச்சீங்களே, என்னத்தைத்தான் கேட்டீங்க?"

"வூட்டைக் கேட்டேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு, கேட்காமலே, ஒவ்வொன்றாக வந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர். நான் காக்காய் விரட்டுவது. கத்தி பலகையில் படுகிற சத்தம். கொல்லைக் கதவு கீச்சிடுவது, "அதுக்கு எண்ணெ வுடாத, அப்படியே இருக்கட்டும்." நான் துணி மடிக்கும்போது எனக்கே தெரியாமல் முணுமுணுக்கிற பழைய பூசைப் பாட்டு. அவர் அறையில் அவரோடு சேர்த்து ஆறு பேர். ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், அதைத் தவிர வேறு சத்தம் இருக்காது, யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டால் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்றார். இவ்வளவு பேசத் தெரிந்த மனுஷன் இத்தனை வருஷம் வெயிலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அழுதேன். அவருக்குக் கேட்கட்டும் என்றே அழுதேன். அது ஒரே மாதிரி வருகிற சத்தம் இல்லை, போன் வடிகட்டாது.

"அந்தப் பொட்டியைத் தூக்கிப் போட்டுடாத" என்றார். "ஆம்பை நேரா செவுத்துல சொருகிக்க. பொட்டியை அப்படியே வையி. நான் வந்து மூணு கோர் ஒயர் இழுத்துத் தரேன்."

"நான் வந்து" என்றார். அவர் வாயிலிருந்து தானாக வந்த சொல். இத்தனை காலம் அப்புறம் அப்புறம் என்று நாங்கள் சுற்றிச் சுற்றி வந்தது வேறொரு சொல்லுக்குப் பயந்துதான் என்று அப்போது எனக்கு விளங்கியது. மடியில் பெட்டி திறந்து கிடந்தது. கழற்றிய ஸ்க்ரூக்கள் டீ சாசரில் கிடந்தன.

"எப்போ?" என்றேன்.

தொண்டையைச் செருமினார். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தெருமுனையில் ஹாரன் கேட்டது.

"பால்காரரு வந்துட்டாரு பாரு" என்றார், குவைத்திலிருந்து. "போயி வாங்கிட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்."

போனை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன். பாலை வாங்கிக்கொண்டு கொல்லை வழியாக வந்தேன், கதவு கீச்சிட்டது, அவருக்காக இன்னொரு தடவை திறந்து மூடினேன். பாத்திரத்தை அடுப்பு மேடையில் வைத்தேன். போனில் அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் கேட்டேன்.

"எப்போ?"